உஷார்! அந்த ‘அடையாளம்’ உங்களுக்கும் பொருந்தும்

எங்காவது ஒரு குண்டு வெடித்துவிட்டால் போதும். அன்று சாயங்காலமே டிவியிலும் யூடியூபிலும் ஒருவர் உட்கார்ந்து, “இதைச் செய்தவன் இப்படிப்பட்ட ஆளாகத்தான் இருப்பான்” என்று அடித்துச் சொல்கிறார். வெடிமருந்து கையாளத் தெரிந்தவன், மருந்து கிடைக்கிற இடத்தில் புழங்குகிறவன், கடன்காரன், யாரோடும் ஒட்டாதவன், மனசுக்குள் ஏதோ ஆத்திரம் உள்ளவன். விஸ்வநத்தத்து மக்களே, இந்தப் பட்டியலை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். நம் தெருவில் எத்தனை பேருக்கு இது பொருந்துகிறது?

பட்டாசு ஆலை வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் கையைப் பாருங்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுமினுக்கும். சட்டையில் கந்தக வாடை. வெடியுப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது, வட்டி மட்டும் நிற்காது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு இத்தனையும் சந்தேகம். நமக்கு இது பிழைப்பு.

குற்றம் நடந்த விதத்தை வைத்துக் குற்றவாளியின் மனசையும் குணத்தையும் கணிக்கும் முறையை 1970களில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு துறையாகவே வளர்த்தது. முற்றிலும் வீண் என்று நான் சொல்லவில்லை. தேடலை எங்கே தொடங்குவது, எந்தெந்தக் குற்றங்கள் ஒரே ஆளின் வேலை என்று யோசிக்க அது உதவலாம். ஆனால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அட்லாண்டாவைக் கேளுங்கள்.

1996 ஜூலை 27. ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த அட்லாண்டாவில், ஒரு பூங்கா பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையை ரிச்சர்ட் ஜுவல் என்ற காவலாளி கவனித்துப் போலீஸிடம் சொன்னார். சுற்றியிருந்த கூட்டத்தையும் அப்புறப்படுத்தினார். குண்டு வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். ஆனால் அவர் இல்லாவிட்டால் பிணங்கள் குவிந்திருக்கும். மூன்றே நாளில் பத்திரிகைகள் அவரையே குற்றவாளி ஆக்கின. காரணம், “தானே குண்டு வைத்துத் தானே காப்பாற்றி ஹீரோ ஆகத் துடிக்கும் தனி ஆள்” என்ற கணிப்பு. சாட்சி ஒன்றும் இல்லை. அவர் மேல் சந்தேகம் இல்லை என்று அரசு எழுதிக் கொடுக்க அக்டோபர் ஆனது. அசல் ஆள் எரிக் ருடால்ஃப் அதற்குப் பிறகு இன்னும் மூன்று இடங்களில் குண்டு வைத்தான். 2003இல்தான் பிடிபட்டான்.

பயப்பட வேண்டிய இடம் இதுதான். தப்பான ஆளைப் பிடித்தால் ஒரு அப்பாவி மட்டும் மாட்டுவதில்லை, நிஜக் குற்றவாளி சுதந்திரமாகத் திரிகிறான்.

இந்தக் கணிப்புகள் ஏன் சரியென்று தோன்றுகின்றன? பிரிட்டனில் லாரன்ஸ் ஆலிசனும் கூட்டாளிகளும் போலீஸ்காரர்களிடமே சோதித்தார்கள். ஒரே கணிப்பை இரண்டு குழுக்களிடம் கொடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு குற்றவாளியைக் காட்டினார்கள். இரண்டு குழுவிலுமே பெரும்பாலானவர்கள் “கணிப்பு சரியாகத்தான் இருக்கிறது” என்றார்கள். கிளி ஜோசியக்காரர் எடுக்கிற சீட்டு எல்லாருக்கும் பொருந்துமே, அதே கதைதான்.

கூட்டத்தையே முத்திரை குத்துகிற வேலை நமக்குப் புதிதும் இல்லை. 1871இல் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே ஆளைக் குற்றவாளி ஆக்கியது. அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது.

இன்றைக்கு அந்த முத்திரை நம் கையில் இருக்கிற போனில் இருக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். “பிள்ளை பிடிக்கிற கும்பல்” என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் அவரை அடித்தே கொன்றது. கொன்றவர்கள் ரவுடிகள் இல்லை, நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்.

ஆகவே, “முழியே சரியில்லை”, “வடக்கத்தி ஆள் மாதிரி இருக்கான்” என்று வருகிற வாய்ஸ் மெசேஜைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். வீட்டில் பட்டாசுக்கான கருந்திரி திரிப்பதையோ மணி மருந்து என்ற வெடிமருந்தைப் பதுக்குவதையோ கண்டால் சும்மா இருக்க வேண்டாம். அது உயிர் போகிற விஷயம். ஆனால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, வண்டி நம்பர் என்ன. அந்த ஆள் எந்தச் சாதி, எப்படி முறைத்தான் என்பதெல்லாம் வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையையே “விசாரணை” என்று கூப்பிட்டால் இதை மனசில் வையுங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பொய் கண்டறியும் சோதனை, ‘நார்கோ’ ஊசி, மூளை அலைச் சோதனை எதையும் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சம்மதம் என்றாலும் வக்கீலைக் கலந்துகொண்டு, மாஜிஸ்ட்ரேட் முன்னால்தான் தர வேண்டும். பயத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் உடனே இலவச சட்ட உதவி எண் 15100க்குப் போன் போடுங்கள். இப்போதே அந்த எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.