கடல்கோள் கதையாடலும் அரியலூர்ச் சிப்பியும்

வேலம்பாளையத்தில் நான் குடியிருக்கும் லைன் வீட்டில் கடைசிக் குடித்தனம் குன்னம் பக்கத்துக்காரர்களுடையது. அந்தத் தம்பி பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி சுருண்டு, விளிம்பு முழுக்க வரிவரியாக இருந்தது.

"கெணறு தூர் வாருனப்ப வந்துச்சுண்ணே. எங்க ஊர்ல இதெல்லாம் வரப்பு மேலயே கெடக்கும். நீங்க தமிழ் படிச்சவராச்சே, குமரிக்கண்டத்துல இருந்து வந்திருக்குமா?"

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. முதுகலை இரண்டு ஆண்டுகளிலும் கடல்கோளை நான் தேர்வுக்குத் தேர்வு எழுதியிருக்கிறேன். முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850 என்று இறையனார் களவியல் உரை தரும் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் திருச்சிக்கு வடக்கே பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு கடலே கல்லாகிக் கிடக்கிறது என்பதை எந்த வகுப்பிலும் எவரும் சொல்லவில்லை. கடல் என்றால் 'கொள்வது', நம்மிடமிருந்து பறித்துக்கொண்டு போவது என்றே நம் படிப்பு நமக்குப் பழக்கியிருக்கிறது. கடல் வந்தது, இருந்தது, போனது, போகும்போது விட்டுச் சென்றது என்ற இன்னொரு பிரதி உண்டு. அதை வாசிக்க நமக்குப் பயிற்சி இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பிரதியைப் பற்றியது.

முதலில் கல். அது அம்மோனைட். கணவாய், பேய்க்கணவாய் வகையறாவின் தூரத்து உறவு. சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுத்துக்கொண்டு, கடைசி அறையில் உடலை வைத்துக்கொண்டு நீந்திய உயிர். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்களோடு சேர்ந்து பூண்டற்றுப் போனது. வைணவர் வீடுகளில் பெட்டிக்குள் வைத்துப் பூசை செய்யும் சாளக்கிராமமும் இதே இனம்தான். இமயம் எழுவதற்கு முன் அங்கே கிடந்த கடலின் மிச்சம் அது, கண்டகி ஆற்றில் உருண்டு வருகிறது. ஒரே உயிர், அங்கே தெய்வம், இங்கே வரப்பில் கிடக்கும் கல். இதை வைத்தே யாராவது ஒரு கட்டுரை எழுதலாம்.

நம் கொங்குப் பகுதியில் இதைத் தேடிப் பயனில்லை. நாம் நிற்பது மிகப் பழைய, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய கெட்டிப்பாறை. காங்கேயம், படியூர்ப் பக்கம் தோண்டினால் மணிக்கற்கள் கிடைக்கும். ஓட்டுடன் கூடிய உயிரின் சுவடு கிடைக்காது. புதைபடிவம் உண்டாக வண்டல் வேண்டும். நீர் மெல்ல மெல்லச் சேற்றைப் படியவிட வேண்டும். செத்த உயிர் அழுகித் தீருமுன் அதன்மேல் அடுத்த படலம் மூட வேண்டும். திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்கத் தூரம் போகவேண்டாம். 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் அடியில் நம் சாயக்கழிவு படிந்ததே, அதே வேலைதான். அங்கே சிப்பிக்குப் பதில் சாயம்.

இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்தவை. அந்த நிலம் பிளந்து, அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் நம்மிடமிருந்து விலகத் தொடங்கியபோது கிழக்கு ஓரம் இழுபட்டு விரிந்தது. விரிந்த இடம் தொட்டி தொட்டியாகத் தாழ்ந்தது. அதுதான் காவிரிப் படுகை. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அதற்குள் கடல் ஏறியது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்துவிட்டுக் கிழக்கே போய்விட்டது. இன்று அரியலூரிலிருந்து கடல் பார்க்க 80 கிலோமீட்டர் போகவேண்டும். முந்திரியும் மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இன்றைய அரியலூர், பெரம்பலூர்க் காடுகள் ஒரு காலத்தின் நெய்தல்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கரை ஒரே மாதிரியானதாகவும் இல்லை. கல்லக்குடிப் பக்கம் பவளமும் கடற்பாசியும் கட்டிய திட்டுகள். காரையில் ஆழ்நீரின் சன்னச் சேறு. இன்று அது மழை அரித்து அரித்து ஓடை ஓடையாகப் பிளந்த செம்மண் பொட்டல், ஒரு புல் முளைக்காது. அதில் துப்பாக்கித் தோட்டா போலக் கிடப்பவை பெலம்னைட்டுகள், அவையும் கணவாய் உறவுதான். கூடவே ஜிப்சம் கண்ணாடித் தகடாக மின்னும். சாத்தனூரில் கரையிலிருந்து அடித்துவரப்பட்டுக் கடற்சேற்றில் மூழ்கிக் கல்லாகிப்போன 18 மீட்டர் மரம். எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் இதை உலகுக்குச் சொன்னார். கல்லங்குறிச்சியில் சிப்பி, வெறும் சிப்பி. குவியல் குவியலாக, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, மண்ணே தெரியாத அளவுக்கு. ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய ஆழமற்ற கடலின் சிப்பித் திட்டு அது. கடைசியாகக் கல்லமேட்டில் கடல் விலகி ஆற்றுமணல் படிந்த வெளி. அங்கே டைனோசார்கள் நடந்தன.

இந்தக் கரையை வாசித்தவர்கள் யார் என்பதில்தான் நமக்கு வேண்டிய முடிச்சு இருக்கிறது. கேய், கன்லிஃப் என்ற இரண்டு கம்பெனி அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கம் பொறுக்கிய சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்தார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து ஹென்றி பிளான்ஃபோர்டு வந்தார். 1862இல் வெளியான அவருடைய அறிக்கைதான் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தது; பிரிவு இன்றும் நிற்கிறது. பின்னால் மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா இந்த உயிர்களுக்குப் பெயரிட்டுத் தொகுதி தொகுதியாக எழுதினார். 1874இல் லடாக்கில் செத்தார், கல்லறை லேவில் இருக்கிறது.

அதே பிளான்ஃபோர்டு 1875இல் இன்னொரு கட்டுரை எழுதினார். தென்னிந்தியப் பாறைகளுக்கும் தென்னாப்பிரிக்கப் பாறைகளுக்கும், அவற்றிலுள்ள புதைபடிவங்களுக்கும் இவ்வளவு ஒற்றுமை எப்படி வந்தது என்று கேட்டு, இரண்டுக்கும் நடுவே இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கவேண்டும் என்றார். ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இலேயே லெமூர் குரங்குகளை முன்னிட்டு 'லெமூரியா' என்று பெயர் வைத்திருந்தார். இந்த இருவர் போன்றோரின் ஊகங்கள் பாடநூல் வழியாக, பிரம்மஞானிகள் வழியாக நம் பக்கம் வந்து, கந்தபுராணத்துக் குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்ட வரலாற்றைச் சுமதி ராமசாமி 2004இல் நூலாக எழுதியிருக்கிறார். ஒற்றுமைக்குக் காரணம் நிலம் மூழ்கியது அல்ல, ஒட்டியிருந்த நிலங்களே நகர்ந்து விலகியதுதான் என்பது 1960களில் உறுதியானதும் அறிவியல் லெமூரியாவைக் கைவிட்டது. நாம் கைவிடவில்லை.

ஆக, நம் கடல்கோள் பெருங்கதையாடலின் ஒரு வேர் அரியலூரை அளந்தவரின் பேனாவிலேயே இருக்கிறது. அவருடைய இரண்டு எழுத்துகளில் தவறானதை நாம் எடுத்துக்கொண்டோம். சரியானதைச் சிமெண்டுக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. கோபித்துக்கொள்ள வேண்டாம் நண்பர்களே. பனியுகம் முடிந்து கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் உயர்ந்தபோது எங்கும்போல நம் கரையிலும் நிலம் முங்கியது உண்மை. கடல் கொண்டதன் நினைவைப் பாட்டில் வைத்திருக்கும் மரபை நான் கேலி செய்யவில்லை. ஆனால் கண்டத்தை இழந்தவன் என்ற துயரம் நமக்கு ஒருவித சொகுசாகிவிட்டது. அந்தத் துயரத்துக்குச் செலவு இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் கரையும் கரைக்குத்தான் செலவு உண்டு.

டால்மியா சிமெண்டு ஆலை கல்லக்குடியில் 1939இல் தொடங்கியது. ஊருக்கு முதலாளியின் பெயர் வந்தது. 1953 ஜூலையில் அதை எதிர்த்துத் தி.மு.க. போராடியதும், கருணாநிதி தண்டவாளத்தில் படுத்ததும், துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போனதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நிலையத்தின் பெயர் பிறகு மாறியது. பெயருக்கான போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெயர் என்பது அதிகாரம்தான். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே கிடந்த கல் யாருடையது என்று அன்று எவரும் கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் நிலவியலாளர்களின் நூல்களில் அந்தப் பாறைக்கு இன்றும் 'டால்மியாபுரம் படிவு' என்றுதான் பெயர். பலகையை மாற்றிய நாம் பாறையை மாற்றவில்லை!

சிமெண்டு என்பது என்ன? சிப்பியும் பவளமும் கடல்நீரிலிருந்து உறிஞ்சிக் கட்டிய சுண்ணாம்பை 1450 டிகிரியில் களிமண்ணோடு சேர்த்து வேகவைத்து அரைத்த தூள். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்தால் 44 கிலோ கரியமிலவாயுவாக மேலே போகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு சிப்பி பிடித்து வைத்த கரியை நாம் ஒரே நாளில் அவிழ்த்து விடுகிறோம். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், இல்லைதான். வேலம்பாளையத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் சுற்றிலும் சிமெண்டு; கம்பெனி செட்டு, லைன் வீடு, சாயப்பட்டறைத் தொட்டி. நான் இதை எழுதும் சுவரும் அதுவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுரங்கம் வெட்டியதால்தான் அந்தக் கடலின் அடுக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஆய்வாளர்கள் பலர் வேலை செய்தது சிமெண்டுச் சுரங்கங்களின் செங்குத்துச் சுவர்களில்தான். வெட்டாவிட்டால் தெரியாது, வெட்டினால் இராது. 'சுரங்கம் ஒழிக' என்று ஒற்றை வரியில் முடிக்க முடியாத விஷயம் இது. வெட்டுவதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவில் யார் பார்க்கிறார்கள், யார் எடுத்து வைக்கிறார்கள், எந்தச் சுவரை விட்டுவைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதே கேள்வி.

நடுவில் ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கல்லமேடு இருக்கிறது. யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் 1987இல் அங்கே கிடைத்த எலும்புகளை விவரித்து 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். பேருடல் பல்லி. காலின் முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று தெரிந்தது. 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு அதன் எடை 110இலிருந்து 170 டன் வரை இருக்கலாம் என்கிறது. தரையில் நடந்ததிலேயே மிகப் பெரிய விலங்காக இருக்கலாம். ஆனால் எலும்பு? ஆய்வுத் துறையைச் சேருமுன்பே உதிர்ந்துபோய்விட்டது என்ற தகவல் 2017இல் அச்சில் வந்தது. வெறும் கோட்டுப்படங்களை வைத்துக்கொண்டு உலகம் சந்தேகப்பட்டது, அது எலும்பே அல்ல, கல்மரமாக இருக்கும் என்றும் சொன்னார்கள். 2022இல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகுதான் வாய் அடங்கியது. இல்லாத குமரிக்கண்டத்துக்கு வரைபடம் வைத்திருக்கும் நம்மிடம் இருந்த விலங்குக்கு மிஞ்சியது சில புகைப்படங்கள்.

2020இல் குன்னத்தில் ஏரி ஆழப்படுத்தும்போது உருண்டைக் கற்கள் வந்தன. 'டைனோசார் முட்டை' என்று செய்தி பறந்தது, கூட்டம் கூடியது. பார்த்தவர்கள் அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்றதும் கூட்டம் கலைந்தது. முட்டை இல்லையென்றால் வேறு எதற்கும் மதிப்பில்லை போலும். கணவாயின் மூதாதைக்காக யார் கூடுவார்கள்?

சாத்தனூர் மரத்தையும் காரைப் பொட்டலையும் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோயிலுக்கும் கோட்டைக்கும் 1958 தொல்லியல் சட்டம் இருப்பதுபோல இந்தப் பட்டத்துக்குப் பின்னால் தனிச் சட்டம் கிடையாது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அது இத்தகைய இடங்களின் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை மையத்தில் குவிப்பதாக ஆய்வாளர்களே ஆட்சேபித்தார்கள். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப கல்லு கெடந்தா காட்டப் புடுங்கிக்குவாங்களாண்ணே? அப்புறம் எவன் காட்டுவான்?" வரைவை எழுதியவர்களுக்குத் தோன்றாதது அவருக்கு ஒரு நொடியில் தோன்றியது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவன் சிப்பிக்கும் நிலம் கொடுக்கவேண்டும் என்றால் அடுத்த முறை கிணற்றில் வருவதை அவன் சம்மட்டியால் உடைத்துவிடுவான்.

சுரங்க அனுமதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களில் நம் தோழர்கள் தூசி, நிலத்தடி நீர், லாரி, வேலை பற்றிப் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும். அந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையில் புதைபடிவம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் ஒருவர் கேட்கவேண்டும். எந்தச் சுவரை மூடாமல் விடுவீர்கள், கிடைப்பது எந்த ஊர்ப் பள்ளியில் இருக்கும், எடுத்துக் கொடுத்தவரின் பெயர் பலகையில் வருமா என்றும் கேட்கவேண்டும்.

கல் இப்போதும் என் மேசைமேல்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்கங்கண்ணே, ஊர்ல நெறைய கெடக்கு" என்றார். எந்தக் கிணறு, எத்தனை அடியில், மேலே என்ன மண் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நாற்பது அடி என்கிறார். மேலே கரிசல், அதற்குக் கீழே மஞ்சள் களி.