சம்பளம் மாறினால் ஜீவனாம்சம் தானாக மாறாது

"கம்பெனியில் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டார்கள், அதனால் பிள்ளைக்கும் பாதிதான்." இது நியாயமாகத்தான் தோன்றும். சட்டத்தின் முன் நிற்காது. மாதம் 8,000 ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தால், அந்தத் தொகையை மாற்றும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கே உண்டு. தகப்பன் தானாகக் குறைத்துக்கொண்ட 4,000 மாதாமாதம் பாக்கியாக ஏறிக்கொண்டே போகும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகிவிட்டது. சூழ்நிலை மாறும்போது தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கோரும் வழி, அதே சட்டத்தின் 146ஆம் பிரிவில் இருக்கிறது. வேலை போனவரும் மனு போடலாம். எதிர்த்தரப்புக்கு இன்கிரிமென்ட் வந்தது தெரிந்த தாயும் போடலாம்.

வருமானம் குறைந்தது என்றால் சம்பளச் சீட்டு, பணிநீக்கக் கடிதம், வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல் எல்லாம் கையில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நீதிபதிகள் எளிதில் நம்புவதில்லை, அதற்குக் காரணமும் உண்டு: வழக்கு வந்ததும் வேலையை விடுகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். உடலில் தெம்புள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கில் சொன்னது. 2015இல் ஒரு ராணுவ வீரரின் வழக்கில், பணி ஓய்வைக் காரணம் காட்டி 4,000 ரூபாயை 2,000 ஆக்கிய உயர்நீதிமன்றத் தீர்ப்பை அது ரத்து செய்தது.

சம்பளம் ஏறினாலும் கணக்கு நேர்கோட்டில் போகாது. மேற்கு வங்க வழக்கு ஒன்றில், கணவரின் சம்பளம் உயர்ந்ததால் மனைவிக்கும் மகனுக்குமான 16,000 ரூபாய் 23,000 ஆனது. அவர் மறுமணம் செய்து இன்னொரு குழந்தையும் பிறந்துவிட்டதைக் கணக்கில் எடுத்து, 2017இல் உச்ச நீதிமன்றம் அதை 20,000 ஆக்கியது.

எதிர்த்தரப்பின் வருமானம் எவ்வளவு என்று தெரியாமல் தவிக்கும் தாய்மார்களுக்கு 2020ஆம் ஆண்டின் ரஜ்னேஷ் - நேகா தீர்ப்பு பெரிய உதவி. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்கிறது அது. பொய் சொன்னால் நடவடிக்கை வரலாம்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது பாக்கியில்தான். தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்யாவிட்டால், அந்தப் பாக்கிக்காக 144ஆம் பிரிவின்கீழ் வாரண்ட் பெற முடியாது. "அடுத்த மாதம் தருகிறேன்" என்பதை நம்பியே பல குடும்பங்கள் இந்தக் காலக்கெடுவை இழக்கின்றன. பணம் தராதவருக்கு ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சிறை சென்று வந்தாலும் பாக்கி தீர்ந்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே தெளிவாக்கிவிட்டது.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.