மணற்றோட்டமும் தேயிலைத் தோட்டமும்

நீர்க்கரையில் மனை தேடும் வேட்கை நம்மவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் இரு பாக்கங்களாய் அமைந்தது. அரசரும் பெருங்குடி வணிகரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கம். கடலையடுத்து அமைந்தது மருவூர்ப்பாக்கம். யவனர் இருக்கைகளும், கலமேறி வந்த பிறநாட்டு வணிகர் குடியிருப்புக்களும், பலவகை வினைஞர் தெருக்களும் அங்கே நெருங்கியிருந்தன. துறையும் தொழிலும் அருகிருந்தமையே அந்நெருக்கத்துக்குக் காரணமாகும்.

இந்நாளில் இலங்கைத் தமிழர்க்கு அத்தகையதோர் ஊர் வெள்ளவத்தை. கொழும்பு மாநகர எல்லைக்குள், காலி வீதியை நடுவே கொண்டு, மேற்கே புகையிரதப் பாதைக்கு அப்பால் கடல் ஒலிக்க அஃது அமைந்துள்ளது. சிங்களத்தில் ‘வெல்ல’ என்பது மணல். ‘வத்த’ என்பது தோட்டம். ஆதலின் வெள்ளவத்தை என்பது மணற்றோட்டம். தேயிலைத் தோட்டத்தை நீங்கி இம்மணற்றோட்டத்திற் குடியேற வேண்டும் என்னும் விருப்பம் மலைநாட்டு இளைஞரிடையே இப்போது வளர்ந்து வருகின்றது.

இறம்பொடைப் பகுதியில் என்னிடம் தமிழ் கற்றோருட் பலர் கொழும்பிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் தொழில் புரிகின்றனர். விடுமுறையில் வரும்போது அவர்கள் என்னை வினவுவது இலக்கண ஐயமன்று. “ஐயா, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு வாங்கலாமா? போட்ட பணம் பெருகுமா?” என்பதே அவ்வினா.

அவ்வூரின் ஈர்ப்பு பொய்யன்று. 1942ஆம் ஆண்டில் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் அங்குள்ளன. இராமகிருஷ்ண மிஷன் நிலையமும் கோயில்களும் அங்குள்ளன. தமிழ் பேசியே ஒரு நாளின் அலுவல் அனைத்தையும் முடித்துக்கொள்ளலாம். மாலையிற் கடற்காற்று வாங்கலாம். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அங்கே தமிழர் இல்லங்கள் எரியுண்டன; எனினும் தமிழர் மீண்டும் அங்கேயே கூடினர். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்தோர் பெருகவே, மனையின் தேவையும் பெருகிற்று.

மேற்கே கடல் இருத்தலின் ஊர் அப்பக்கம் விரிய இடமில்லை. காணியைப் பேர்ச்சுக் கணக்கில் அளக்கின்றனர். ஒரு பேர்ச்சு 272.25 சதுர அடி. 160 பேர்ச்சு ஓர் ஏக்கர். ஆகவே வீடுகள் வானோக்கி எழுந்தன. தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியுரித்து அளிக்கும் சட்டம் 1973ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது.

ஆயினும் விலை ஏறுவதெல்லாம் ஊதியமாகாது. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், சில திங்களுள் 360 ரூபாவையும் கடந்தது. வெளிநாட்டுப் பணம் உடையார்க்கு வீடு மலிந்தது. ரூபாவிற் சம்பளம் பெறுவோர்க்கு எட்டாக் கனியாயிற்று. வாடகையை மட்டும் எண்ணிக் கடன்படுவோர், வட்டியையும் பராமரிப்புக் கட்டணத்தையும், வீடு வெறிதே கிடக்கும் மாதங்களையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும் என்பதையும் மறத்தலாகாது. உறுதியைச் சட்டத்தரணி ஒருவர் ஆராயுமுன் முற்பணம் கொடுத்தலும் தகாது.

மலையகத்தார்க்கு இதனினும் முந்திய வினா ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மக்கள் நாம். எஞ்சியிருந்தோர்க்கும் அவ்வுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. உரிமை வந்த பின்னரும் லயத்து அறைகளில் வாழ்வோர் பலர்க்கு மனையுறுதி இல்லை. இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் காணும் இடங்களில் விடுதிகள் எழுந்துள்ளன. அவ்வருவி ஒலியிலே பிறந்து வளர்ந்தோர் பலர்க்கு அங்கே ஒரு பேர்ச்சும் சொந்தமில்லை. நீர்க்கரை மனையின் மதிப்பை அறிய நாம் கொழும்புக்குச் செல்ல வேண்டுவதில்லை.

ஆதலால் என் மாணவர்க்கு யான் கூறுவது இது: குடியிருக்க வீடில்லாதவன் வாங்கும் முதல் மனை முதலீடன்று, அது காலூன்றும் இடம். தொழிலும் பிள்ளைகளின் கல்வியும் கொழும்பில் என்றால், கடனுக்கு அஞ்சி அளவறிந்து அங்கே வாங்குக. பெற்றோர் இன்னும் லயத்திலிருந்தால், அவர் பெயரில் ஓர் உறுதி பிறக்க முதலில் வழி காண்க. விலையேற்றத்தை எண்ணி மனை வாங்குவது அதன் பின்னர் ஆகட்டும்.