உங்களுக்குத் தெரியுமா? கூரை மழையில் விளையும் தக்காளி

நெதர்லாந்தின் ஹேக், ராட்டர்டாம் நகரங்களுக்கு அருகே உள்ள வெஸ்ட்லாந்து வட்டாரத்துக்குக் ‘கண்ணாடி நகரம்’ என்று பட்டப்பெயர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தக்காளி போன்றவை விளையும் பசுமைக்குடில்கள்தான்!

● ஒரு ஹெக்டேர் கண்ணாடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கிடைக்கும். அது குழாய் வழியே அருகிலுள்ள குளத்தில் சேர்கிறது.

● கடலோரப் பகுதி என்பதால் அங்கே நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். மழைநீரில் சோடியம் மிகக் குறைவு. அதனால்தான் அதற்கு அத்தனை மவுசு.

● குளம் நிரம்பினால்? மிஞ்சிய மழைநீரை வடிகட்டி, ஆழ்குழாய் வழியாக நிலத்தடி மணற்படுகைக்குள் செலுத்திச் சேமிப்பவர்களும் உண்டு. நன்னீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் அதன் மேல் மிதக்கும். கோடையில் அதை மீண்டும் இறைத்துக்கொள்ளலாம்.

● செடி குடித்தது போக வடியும் நீரும் வீணாவதில்லை. அடியில் உள்ள வாய்க்கால் அதைப் பிடித்துக்கொள்ளும். புற ஊதாக் கதிரால் கிருமிகளைக் கொன்று, குறையும் உரத்தைச் சேர்த்து, மறுபடி செடிக்கே விடுகிறார்கள்.

● இந்தச் சுழற்சிக்கும் எல்லை உண்டு. செடி அதிகம் உறிஞ்சாத சோடியம், சுற்றச் சுற்றச் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் நீரை மாற்றியே ஆக வேண்டும். எனவே தொடக்கத்திலேயே மழைநீரைப் பயன்படுத்தினால் சுழற்சி நெடுநாள் நீடிக்கும்.

● 2018 முதல், இப்படி மாற்றும்போது வெளியேற்றும் நீரிலிருந்து பூச்சிமருந்து எச்சத்தில் குறைந்தது 95 சதவீதத்தை நீக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.