அசடாக நடிக்க எவ்வளவு அறிவு வேண்டும்?

1951ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகைக்கான போட்டி கடுமையாக இருந்தது. ‘சன்செட் புலவார்ட்’ படத்துக்காக குளோரியா ஸ்வான்சன், ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்துக்காக பெட்டி டேவிஸ், அதே படத்துக்காக ஆன் பாக்ஸ்டர் என்று பெரிய தலைகள் பட்டியலில் இருந்தன. பரிசைத் தட்டிக்கொண்டு போனவர், ‘பார்ன் யெஸ்டர்டே’ என்ற நகைச்சுவைப் படத்தில் அசட்டுப் பெண்ணாக வந்த ஜூடி ஹாலிடே. டேவிஸும் பாக்ஸ்டரும் ஒரே படத்திலிருந்து நின்றதால் ஓட்டு பிரிந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்வார்கள். பிரிந்திருக்கலாம். ஆனால் அந்த முணுமுணுப்புக்கு அடியில் ஒரு பழைய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: அழுதால் நடிப்பு, அசடு வழிந்தால் அது பிறவிக் குணம். ஹாலிடேயின் படங்களைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

‘பார்ன் யெஸ்டர்டே’யின் சீட்டாட்டக் காட்சியை எடுத்துக்கொள்வோம். காயலான் கடைச் சரக்கு விற்றே கோடீஸ்வரனான ஹாரி பிராக், வாஷிங்டனில் ஓர் அரசியல்வாதியை விலைக்கு வாங்க வந்திருக்கிறான். அவனோடு வாழும் பில்லி, நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவள். இருவரும் ஜின் ரம்மி ஆட உட்காருகிறார்கள். வசனம் மிகக் குறைவு. பில்லி ஏதோ ஒரு பாட்டை முனகியபடி சீட்டுகளை எடுக்கிறாள், விரல் நுனியால் ஒன்றை இங்கிருந்து அங்கே மாற்றிச் செருகுகிறாள், சட்டென்று ஆட்டத்தை முடிக்கிறாள். பிராக் திரும்பத் திரும்பத் தோற்றுப் புழுங்குகிறான். சிரிப்பது நாம் மட்டும்தான். அவளுக்கு இது தினசரி வேலை. இத்தனையும் பத்திரிகையாளர் ஒருவர் அவளுக்குப் பாடம் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இவளுக்கு மூளை இல்லாமல் இல்லை, இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்பது நமக்கு அந்த விரல்களைப் பார்த்தே புரிகிறது. பிறகு அவள் பிராக்கை எதிர்த்துக் கையெழுத்துப் போட மறுக்கும்போது கதை நம்பும்படி இருக்கிறதென்றால், அதற்கான அடித்தளம் இங்கேதான் விழுந்தது.

நியூயார்க்கில் 1921இல் பிறந்த ஹாலிடே, மேடைக்கே சொந்தமானவர். ‘பார்ன் யெஸ்டர்டே’ முதலில் நாடகமாக 1946இல் பிராட்வேக்கு வரும் முன், வெள்ளோட்டத்தின் நடுவே பில்லியாக நடித்த ஜீன் ஆர்தர் விலகிக்கொள்ள, சில நாட்களில் பாடத்தை மனப்பாடம் செய்து மேடையேறியவர் இவர். அப்படியும் படமாக்கும்போது கொலம்பியா நிறுவனத்தின் ஹாரி கோனுக்கு இவரைப் போட மனமில்லை. வழி திறந்தது ‘ஆடம்ஸ் ரிப்’ (1949). கணவனைச் சுட்ட மனைவியாக வரும் ஹாலிடேயை வக்கீலான காதரின் ஹெப்பர்ன் விசாரிக்கும் நீண்ட காட்சியை, இயக்குநர் ஜார்ஜ் கியூக்கர் வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுத்தார். சுட்டபின் எப்படி இருந்தது என்று கேட்டால், பசித்தது என்கிறாள் அந்தப் பெண். அவள் முகத்தில் ஒரு துளி கிண்டல் இல்லை. அந்த நேர்மையால்தான் சிரிப்பும் வருகிறது, பரிதாபமும் வருகிறது.

இவர் ஒரே வேடத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்தார் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஸ்டூடியோக்கள் வேறு எதையும் கொடுக்கவும் இல்லை. ஆனாலும் ‘தி மேரியிங் கைண்ட்’ (1952) படத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக வரும்போது, அதே மெல்லிய குரல் வேறொரு கனத்தைச் சுமக்கிறது. பில்லியை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த 1952இல் செனட் துணைக்குழு ஒன்று அவரை அழைத்தது. அங்கேயும் அவர் பில்லி போலவே வெகுளியாகக் குழம்பிக் குழம்பிப் பதில் சொன்னார், யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நேருக்கு நேர் எதிர்த்திருக்க வேண்டும், அசடு வேஷம் போட்டது கௌரவக் குறைவு என்று சிலர் சொல்லலாம். தோழர்களின் பெயர்களைக் கொடுத்துத் தப்பியவர்கள் இருந்த காலம் அது. அவர்களோடு ஒப்பிட்டால் இந்த வேஷம் எவ்வளவோ மேல்.

1957இல் ‘பெல்ஸ் ஆர் ரிங்கிங்’ இசை நாடகத்துக்காக, ‘மை ஃபேர் லேடி’யின் ஜூலி ஆண்ட்ரூஸும் போட்டியில் இருக்க, டோனி விருதை வென்றார். 1960இல் வந்த அதன் திரை வடிவமே அவருடைய கடைசிப் படம். மார்பகப் புற்றுநோயால் 1965 ஜூன் 7 அன்று இறந்தார். 44 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது.