வெப்பத் தீவில் ஒரு பைன் மரம்

பைன் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது இமயத்தின் பனிச்சரிவுதான். கரும்பும் வாழையும் விளையும் வெப்பத் தீவில் பைன் காடா? முதன்முதல் படித்தபோது நானும் வியந்தேன். கரீபியன் கடலில், கியூபாவுக்குக் கிழக்கே உள்ள ஹிஸ்பானியோலாத் தீவின் மலைகள் அத்தகைய காட்டைத் தாங்கி நிற்கின்றன. மேற்கே ஹெய்தி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு என இரு நாடுகள் பங்கிட்டுக்கொண்ட தீவு அது.

சுவீடன் நாட்டுத் தாவரவியலார் ஓலோஃப் சுவார்ட்ஸ் 1788-இல் இம்மரத்துக்குப் ‘பைனஸ் ஆக்சிடென்டாலிஸ்’ என்று பெயரிட்டார். ‘மேலைப் பைன்’ என்பது பொருள். இது அத்தீவுக்கே உரியது. 2,000 மீட்டருக்கு மேல் ஏறினால் பெரும்பாலும் இதன் ஆட்சிதான். 3,000 மீட்டரைத் தாண்டிய டுவார்ட்டே சிகரத்தின் பகுதியில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழும். வெப்ப மண்டலம் என்ற சொல்லை அங்கே மறந்துவிட வேண்டும்!

செய்முறை வகுப்பில் பைன் இலையின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் கண்டோர்க்குப் பிசின் குழாய்கள் நினைவிருக்கும். படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் பெற்றதோடு அவற்றை மறந்துவிடுகிறோம். இந்த மரத்தின் வாழ்வும் சாவும் அந்தப் பிசினில்தான் உள்ளன. காயம் பட்ட இடத்தைப் பிசின் மூடுகிறது, பூச்சிகளைத் தடுக்கிறது. காயத்தைச் சுற்றிய கட்டை பிசினில் ஊறிவிடுகிறது. ஊறிய கட்டையோ ஈரத்திலும் பற்றி எரியும். டொமினிக்கன் மக்கள் அதைக் ‘குவாபா’ என்பர். மரத்தையே ‘குவாபாப் பைன்’ என அழைப்பர்.

அடுப்புக் கரியைப் பற்றவைக்க இதைவிட நல்ல பொருள் மலைவாசிக்கு ஏது? எனவே நிற்கும் மரத்தின் அடியைச் செதுக்கிச் சிராய் எடுக்கிறார்கள். காயத்தை ஆற்ற மரம் மேலும் பிசின் சுரக்கிறது. அதனாலேயே அந்த இடம் இன்னும் நன்றாக எரியும் சிராயாகிறது. வெட்டியவர் மீண்டும் வருகிறார். அடி மெலிந்த மரம் ஒருநாள் காற்றில் சாய்கிறது.

காட்டுத் தீயை இதன் பகைவன் என்று எண்ணிவிட வேண்டாம். முதிர்ந்த மரத்தின் தடித்த பட்டை தரைத்தீயைத் தாங்கும். தீ துப்புரவாக்கிய மண்ணில் விதைகள் செழித்து முளைக்கும். தீயே வராவிட்டால் ஈரச் சரிவுகளில் அகன்ற இலை மரங்கள் இதை நெருக்கிவிடும். ஆனால் விளைநிலத்துக்காக அடிக்கடி வைக்கும் தீயில் கன்றுகள் பிழைப்பதில்லை.

இம்மரத்தை நம்பி ஒரு பறவையும் உண்டு. அலகின் நுனிகள் கத்தரிபோல் குறுக்கிட்டிருக்கும்; கூம்பின் செதில்களை விலக்கி விதையெடுக்க அமைந்த அலகு அது. அதன் நெருங்கிய உறவினம் வாழ்வதோ, தொலைவில் கனடா போன்ற குளிர்நாடுகளின் காடுகளில். பைன் குறையக் குறைய, அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இப்பறவையும் சேர்ந்துவிட்டது.

டொமினிக்கன் அரசு 1967-இல் மர அறுவை ஆலைகளை மூடியது. அது துணிந்த செயல்தான். எனினும் பின்னர் சமையல் எரிவாயுவுக்குத் தந்த மானியமே பெரிய உதவி என்பது என் கருத்து. மக்கள் கரியடுப்பை விட்டனர். காட்டின் மீதிருந்த சுமை குறைந்தது. எல்லைக்கு அப்பால் ஹெய்தியில் பெரும்பாலான வீடுகளில் இன்றும் விறகும் கரியுமே எரிகின்றன. கரியைப் பற்றவைக்கச் சிராய் வேண்டும். சிராய்க்குப் பைன் வேண்டும்.