பணி நாய்க்குட்டிகளின் குடல் நலமும் புளித்த உணவும்

மலையோர மாவட்டங்களில் நாய்கள் ஆற்றும் பணி சிறிதன்று. 2020 ஆகஸ்டு 6 இரவு இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் நிலம் சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் புதையுண்டபோது, உடல்களைத் தேடும் பணியில் கேரளக் காவல்துறையின் மோப்ப நாய்கள் ஈடுபடுத்தப்பட்டன. இடுக்கி மலைக்குக் கிழக்கே, தேனி மாவட்டத்துக் கோம்பை தன் பெயரையே ஒரு காவல் நாயினத்துக்கு அளித்துள்ளது. பாலக்காட்டின் எல்லைப்புறத் தோப்புகளிலும் காவலுக்கு நாய் வளர்ப்பது வழக்கம். இத்தகைய நாய் ஒன்றை உருவாக்கச் செலவிடும் பணமும் காலமும் பயன் தருமா என்பது, பெரும்பாலும் குட்டிப் பருவத்தின் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

பால் மறக்கும் பருவம்

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் குட்டிக்கு நோய் எதிர்ப்பாற்றலை அளிக்கிறது. மூன்றாம், நான்காம் வாரத்தில் திட உணவு தொடங்கும்போது குடல் புதிய சோதனைக்கு உள்ளாகிறது. நாய்ப்பாலில் புரதம் சுமார் 7 முதல் 8 விழுக்காடு. பசும்பாலிலோ சுமார் 3.3 விழுக்காடுதான். மேலும், பசும்பாலில் பால் சர்க்கரை அதிகம். அது செரிக்காமல் பெருங்குடலை அடைந்தால் கழிச்சல் உண்டாகிறது. சிறு குட்டியின் உடல் நீரிழப்பைத் தாங்காது.

புளிப்பின் பயன்

பால் தயிராகும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பால் சர்க்கரையின் ஒரு பகுதியை அமிலமாக மாற்றுகின்றன. இவ்வமிலம் தீமை தரும் நுண்ணுயிர்கள் பெருகுவதைத் தடுக்கிறது. கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்தால், தாதுப் பொருள்களைப் பிணைத்து வைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. ஆனால் கூழ் காய்ச்சும்போது நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். எனவே, உயிருள்ள பாக்டீரியா தேவையெனில், ஆறிய கூழில் சிறிது தயிர் கலப்பதே முறை.

எச்சரிக்கைகள்

கேழ்வரகில் புரதம் சுமார் 7 விழுக்காடே. வளரும் குட்டியின் உணவில், ஈரம் நீங்கலாக, குறைந்தது 22.5 விழுக்காடு புரதம் வேண்டும். ஆதலால் வெந்த முட்டை, மீன் அல்லது இறைச்சி இன்றியமையாதது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெங்காயம் சேர்ந்த பழைய சோற்றை விலக்க வேண்டும். பூஞ்சை படிந்ததும் துர்நாற்றம் வீசுவதும் கெட்டுப்போன உணவே. அதைப் புளித்த உணவாகக் கொள்ளலாகாது.

1978-இல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் நோயைத் தயிரால் தடுக்க இயலாது. குடற்புழுக்களோ தாயிடமிருந்தே குட்டிக்கு வருபவை. இரண்டாம் வாரம் முதல் புழு நீக்கமும், ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை தொடரும் தடுப்பூசியும் தவறாமல் நடைபெற வேண்டும். இவற்றுக்குத் துணையாக நிற்கும்போதுதான், செலவு குறைந்த புளித்த உணவு உழவருக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் உரிய பலனை அளிக்கும்.